கண் மட்டும் விழித்தபோது

சலூன்காரரை முதன்முதலில் அது பிடித்தது பட்டப்பகலில், அவருடைய சொந்தக் கடையில், அவருடைய சொந்த நாற்காலியில் வைத்து.

கடையில் இரண்டே நாற்காலிகள். வாசல் பக்கத்தில் இருப்பது அவருடையது. உள்பக்கம் இருப்பது சுருட்டையுடையது. சுருட்டை அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது தலை நிறையச் சுருள் சுருளாய் முடி வைத்திருந்தான். இப்போது அவன் தலை கடைக் கண்ணாடியோடு போட்டி போடுகிறது. முடி உதிர்ந்தாலும் பேர் உதிரவில்லை. விவரம் தெரியாத யாராவது, "முடி வளர என்ன தடவலாம்?" என்று கேட்டால், "அண்ணன்கிட்ட கேளுங்க சார். நான் தடவினதைச் சொன்னா நீங்க இந்தக் கடைப் பக்கமே வரமாட்டீங்க" என்பான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டுகிற நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, மல்லாந்தபடி ஒரு தூக்கம் போடுவது சலூன்காரருக்குப் புதிதாக வந்த பழக்கம். மனைவி இருந்தவரை அவர் பகலில் கண்ணயர்ந்ததே கிடையாது. இப்போது இரவில் தூக்கம் வருவதில்லை. பாக்கியைப் பகலில்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். ஒன்றரை வருஷம் கட்டிலோடு கிடந்தாள். கை இல்லை, கால் இல்லை, பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. "முழிச்சிருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா உள்ள நினைவு கிடையாது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். முதுகில் புண் வந்துவிடாமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் மகள் பார்த்துக்கொண்டாள், இரவில் அவர். ஆரம்பத்தில் அலாரம் வைத்து எழுந்தார். பிறகு அலாரம் தேவைப்படவில்லை. உடம்பே எழுப்பிவிட்டது.

அவள் போய் மாதங்கள் ஆன பிறகும் அந்தச் செய்தி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. அதுபாட்டுக்கு எழுப்பியது. எழுந்து அடுத்த அறைக்குப் போவார். வாடகைக்கு எடுத்த கட்டிலைக் கடைக்காரர்கள் திருப்பி எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் நான்கு சக்கரங்கள் பதிந்த தடம் மட்டும் இருந்தது. புரட்டிப் போட ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். அப்படியே விடிந்துவிடும்.

மகளும் வீட்டில் இல்லை. அம்மா போன கொஞ்ச நாளிலேயே செருப்புக்கடை வேலைக்குத் திரும்பியவள், கடைக்குப் பக்கம் என்று சொல்லி ஒரு பெண்கள் விடுதியில் போய்த் தங்கிக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "வச்சிடட்டுமா?" "வை." போனில் அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்குச் சாய்ந்து படுத்தவருக்கு விழிப்பு வந்தது. கண் திறந்தது. மேலே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. எழுந்து முகம் கழுவலாம் என்று நினைத்தார். கை வரவில்லை. தலையைத் திருப்பப் பார்த்தார். தலை திரும்பவில்லை. மரக்கட்டை மாதிரி கிடந்தார்.

அப்போதுதான் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது.

அந்த இடத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்ற இடம் அது. அங்கே நின்று குனிந்து மற்றவர் கழுத்தில் கத்தி வைத்தவர் அவர். கீழே படுத்திருந்து மேலே பார்த்தது அதுவரை இல்லை. கருப்பாக ஒரு உருவம் குனிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற துணியை அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டுவதுபோல ஏதோ இறுகியது. பிறகு நெஞ்சின் மேல் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. மூச்சு மேலே பாதி, கீழே பாதி. கத்தினார். காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

சட்டென்று விட்டது. துள்ளி எழுந்தார். கடையில் யாரும் இல்லை. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கெட்ட கனவு என்று விட்டுவிட்டார். ஆனால் கனவில் ஸ்கூட்டர் சத்தம் எப்படி வரும் என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தபோது, வாசலில் அந்த ஸ்கூட்டர் விட்ட புகை வாசனை இன்னும் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை உருவத்துக்குத் தலை தெரிந்தது. பெண் சாயல், ஒட்ட வெட்டின முடி.

ஒட்ட வெட்டின முடியோடு ஒரு பெண்ணைத்தான் அவருக்குத் தெரியும்.

மனைவிக்கு நீளமான முடி. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும். "ஊருக்கெல்லாம் முடி வெட்டறீங்க, இது மேல கை வச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று கல்யாணமான புதிதிலேயே எல்லை போட்டுக் கொடுத்திருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சண்டை கிண்டை எல்லாம் கிடையாது. வாயைப் பூட்டிக்கொள்வாள். நான்கு நாளானாலும் சரி, பத்து நாளானாலும் சரி, அவர் கேட்பதற்குப் பதில் இருக்காது. சாப்பாடு வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது. இவராகப் போய்க் கெஞ்ச வேண்டும்.

படுக்கையில் விழுந்த பிறகு அந்த முடியைப் பராமரிக்க முடியவில்லை. சிக்கு பிடித்துப் பின்னந்தலையில் கட்டியாகிப் புண் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், எடுத்துவிடுங்கள் என்றாள். ஒரு காலையில் கடையிலிருந்து கத்தரியும் மெஷினும் எடுத்து வந்து அவரே எடுத்தார். அவர் கையால் அவ்வளவு மெதுவாக யாருக்கும் வெட்டியதில்லை. பாதியில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்தார். மறுபடி வழிந்தது. இந்த நோயில் கண்ணில் தண்ணீர் தானாக வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதைத் தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டு மீதியை வெட்டி முடித்தார்.

இப்போது அவள் வந்து தன் தலைமாட்டில் நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் சுருட்டை ஒருவேளை சிரிப்பான், ஒருவேளை நம்புவான். நம்பிவிட்டால் அது இன்னும் கஷ்டம்.

மூன்றாவது தடவை சுருட்டையே பார்த்துவிட்டான். சாப்பிடப் போனவன் சீக்கிரம் திரும்பியிருந்தான். அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு மேலே வெறித்துப் பார்ப்பதும், தொண்டைக்குள் ஏதோ முனகுவதும் தெரிந்தது. கூப்பிட்டான். பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் சலூன்காரர் தண்ணீரிலிருந்து மேலே வந்தவர்போல மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னண்ணே ஆச்சு? உயிரே போயிடுச்சு எனக்கு."

"ஒண்ணுமில்ல. கனவு."

"கனவா? கண்ணு ரெண்டும் முழிச்சிருந்துச்சே. அண்ணே அண்ணேங்கிறேன், என்னையே பாக்கறீங்க, பேச மாட்டேங்கிறீங்க. அண்ணி கடைசியில இருந்தாங்களே, அச்சு அசல் அப்படியே..."

சுருட்டை பாதியில் நிறுத்திக்கொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு" என்றார் சலூன்காரர். "மூணு தடவ கூப்பிட்ட. முதல்ல வாசல்ல நின்னு, அப்புறம் கிட்ட வந்து."

"கேட்டுச்சா? அப்ப ஏன் பேசல?"

"வாய் வரலடா."

பிறகு சுருட்டைதான் மெதுவாகச் சொன்னான். "இது அமுக்குவான் பேய்ணே. எங்க பெரியப்பாவுக்கு வரும். தலைமாட்டுல இரும்பு ஏதாவது வச்சுட்டுப் படுப்பாரு."

"கடை முழுக்க இரும்புதானே இருக்கு" என்றார் சலூன்காரர். "இத்தன கத்தரிக்கும் கத்திக்கும் அடங்காத பேயா?"

சுருட்டை சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் வழக்கமாக வருகிற பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கிருதா எடுக்கும்போது அவர் கவனம் தவறி, காது மடலில் கத்தி கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். வாத்தியாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் கத்தி யார் காதிலும் பட்டதில்லை. சுருட்டை வந்து மீதியை முடித்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் கடைய நான் பாத்துக்கறேன். நீங்க டாக்டர்கிட்ட போறீங்க. போகலன்னா நான் வேற கடை பாத்துட்டுப் போறேன்" என்றான்.

டாக்டரம்மாவுக்கு அவருடைய மகளைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டாள். பேயைப் பற்றிச் சொன்னபோதும் சிரிக்கவில்லை. பிறகு கேள்விகள் கேட்டாள். எப்படிப் படுப்பீர்கள், மல்லாந்தா? இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? சிரிக்கும்போது முழங்கால் மடங்கி விழுவதுபோல எப்போதாவது ஆகியிருக்கிறதா? பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவது உண்டா? வீட்டில் யாருக்காவது வலிப்பு?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு அவள் சொன்னாள்:

"பயப்படற மாதிரி எதுவும் இல்லைங்க ஐயா. இது நிறைய பேருக்கு வரும், வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். நாம கனவு காணும்போது உடம்பு அசையாம இருக்கறதுக்கு மூளையே ஒரு பூட்டுப் போட்டு வைக்கும். இல்லன்னா கனவுல ஓடினா நிஜமாவே எழுந்து ஓடிடுவோம். முழிப்பு வரும்போது அந்தப் பூட்டு கழண்டுடணும். சில சமயம் கண்ணு, காது முழிச்சுடும், பூட்டு கழல ஒரு நிமிஷம் தாமதமாகும். கனவும் முழுசா கலைஞ்சிருக்காது. அதனால நிஜமா இருக்கற ஃபேனையும் பாக்கறீங்க, இல்லாத ஆளையும் சேத்துப் பாக்கறீங்க."

"நெஞ்சு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கே டாக்டரம்மா."

"தூக்கத்துல மூச்சு மேலாப்புல போகும். நீங்க இழுத்து விடணும்னு நினைக்கிறீங்க, உடம்பு கேக்காது. அதான் அமுக்கற மாதிரி தெரியுது. மூச்சு நிக்காது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா விட்டுடும்."

"அதுக்குள்ள பயத்துலயே செத்துடுவோம் போல இருக்கு."

"பயமும் அதுல ஒரு பகுதிதான். மூளையில பயத்துக்குன்னு இருக்கற இடம் அப்போ ரொம்ப முழிப்பா இருக்கும். அதுதான் இருட்டா ஒரு ஆளை உண்டாக்குது. நீங்க மனசுல யாரை வச்சிருக்கீங்களோ, அவங்க சாயல்ல தெரியலாம்."

தூக்கம் கெடுவதுதான் இதற்கு முக்கியமான காரணம் என்றாள். நாற்காலியில் மல்லாந்து தூங்க வேண்டாம், வீட்டில் ஒருக்களித்துப் படுங்கள், தினம் ஒரே நேரத்துக்குப் படுத்து எழுந்திருங்கள். வந்தால் மல்லுக்கட்டாதீர்கள், கால் விரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள், விட்டுவிடும். இப்படியே இரண்டு மாதம் பார்ப்போம், குறையவில்லை என்றால் வாருங்கள்.

அவர் எழுந்தார். கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்.

"டாக்டரம்மா. என் சம்சாரம் ஒன்றரை வருஷம் கண்ணை மட்டும் திறந்துட்டுக் கிடந்தா. நினைவு இல்லன்னு சொன்னாங்க. அவளுக்கும் இதே மாதிரி, எல்லாம் கேட்டுட்டு, வாய் மட்டும் வராம இருந்திருக்குமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அது வேற நோய் ஐயா. இதுவும் அதுவும் ஒண்ணு இல்ல."

"தெரியுதும்மா. இருந்திருக்குமா?"

"நான் அவங்களைப் பாக்கல. அதனால இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. சில பேருக்கு, ரொம்பக் கொஞ்சம் பேருக்கு, நினைவு முழுசா இருந்து கண்ணு மட்டும் அசையற நிலைமை உண்டு." கொஞ்சம் பொறுத்து, "அவங்க கண்ணால ஏதாவது பதில் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் அவரிடம் இல்லை. மகளிடம்தான் இருந்தது.

அம்மா படுத்துச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் மகள் கடைக்கு ஓடி வந்தாள். "அப்பா, அம்மா பதில் சொல்றாங்க. ஆமான்னா கண்ணை மூடுங்கன்னு சொன்னேன், மூடினாங்க" என்றாள். அவர் போட்டது போட்டபடி வீட்டுக்குப் போனார். மனைவி முன்னால் உட்கார்ந்தார். "நான் பேசறது கேக்குதா? கேட்டா கண்ணை மூடு" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கண் மூடவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பார்வை. அரைமணி நேரம் கேட்டார். பிறகு எழுந்து வெளியே வந்து மகளிடம், "இந்த விளையாட்டை இதோட விடு. என்னால தாங்க முடியாது" என்றார். அவள் விடவில்லை. நாள் முழுக்க அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டுக்குள் வரும்போது நிறுத்திக்கொள்வாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் சுவர் எழும்பியது அப்போதுதான்.

டாக்டரம்மாவிடமிருந்து அவர் நேராக மகள் வேலை செய்யும் செருப்புக்கடைக்குப் போனார். அது பெரிய சாலையில் இருந்தது. உள்ளே போனதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. மகள் வரிசையில் ஐந்தாவது ஆளாகச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னப்பா? உடம்பு சரியில்லையா?"

"செருப்பு வாங்க வந்தேன்."

அவள் மேலாளர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "உட்காருங்க" என்று ஒரு மெத்தை இருக்கையைக் காட்டினாள். அளவு பார்க்கிற பலகையை எடுத்து வந்து அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் காலை எடுத்து அதில் வைத்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, உருவம், சுருட்டை கூப்பிட்டது, டாக்டரம்மா சொன்னது. அவள் ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, கழற்றி, வேறொரு ஜோடியை எடுத்து வந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"உங்கம்மா உனக்குப் பதில் சொன்னாளா?" என்று கடைசியில் கேட்டார்.

"சொன்னாங்கன்னு அன்னைக்கே சொன்னேனேப்பா."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

மகள் கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்தாள். "நானும் கேட்டேன். அப்பா மேல கோபமாம்மான்னு. கண்ணை மூடினாங்க."

"கோபமா?"

"நீங்க முடியை வெட்டி நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு அப்போ."

சலூன்காரருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கை கால் விழுந்து, வாய் விழுந்து, கண் இமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள், அந்த ஒன்றையும் அவரிடம் அசைக்காமல் பூட்டி வைத்திருக்கிறாள். எப்போதும் செய்வதைத்தான் செய்திருக்கிறாள். அவர் போய்க் கெஞ்சியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவள் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அடிப்பாவி" என்றார். குரல் உடைந்து வந்தது. பக்கத்து இருக்கையில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அழாதீங்கப்பா. மேனேஜர் பாக்கறார்."

"செருப்பு கடிக்குதுன்னு சொல்லிக்கோ."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு அவர் காலில் ஒரு வாரை இழுத்து மாட்டினாள்.

"அந்தக் கோபம் தீர்ந்துச்சா?" என்று கேட்டார். "கடைசி வரைக்கும் அப்படியே இருந்தாளா?"

"கடைசி வாரம் நான் உங்களைக் கடையிலேர்ந்து கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு ஆளுக்குப் பாதித் தாடி எடுத்திருந்த நேரம். போன் வந்ததும் சுருட்டையிடம் கொடுத்துவிட்டு, சோப்பு நுரை கையோடு ஓடினார். வீட்டில் எதுவும் நடந்திருக்கவில்லை. "அம்மா கூப்பிட்டாங்க" என்று மகள் சொன்னதும் வந்த கோபத்தில் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்.

"அப்பாவை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். கண்ணை மூடினாங்க. அதான் கூப்பிட்டேன். நீங்க என்னைத் திட்டினீங்க. அப்புறம் அம்மா பக்கத்துல உட்கார்ந்தீங்க."

"உட்கார்ந்தேனா?"

"கையிலே இருந்த நுரையைத் துடைச்சிட்டு அவங்க கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்க. ரொம்ப நேரம். ஒண்ணும் பேசல. அப்புறம் போயிட்டீங்க." அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. அதை எப்படிக் கேக்கறதுன்னும் தெரியல. ஆமாவும் இல்லையும் மட்டும் வச்சு எவ்வளவுதான் கேக்க முடியும்? ஒருவேளை அதுக்காகத்தான் இருக்கும். சும்மா வந்து உட்காரணும்னு."

அவர் தலையை ஆட்டினார்.

மேலாளர் இந்தப் பக்கம் நடந்து வந்தார். மகள் எழுந்து, "அந்தப் பழுப்பு ஜோடியே உங்களுக்கு நல்லா இருக்கு சார்" என்றாள். சலூன்காரர் அதையே வாங்கிக்கொண்டார். அது உண்மையிலேயே கடித்தது.

அடுத்த விடுமுறை நாளில் மகள் ஒரு பையோடு வந்தாள். தங்குவதாகச் சொல்லவில்லை, வந்தாள். சக்கரத் தடம் இருந்த அறையைக் கூட்டித் துடைத்து, தன் பாயை அங்கேயே விரித்துக்கொண்டாள். அப்படி வாரம் ஒரு இரவு தங்கிப் போக ஆரம்பித்தாள். சலூன்காரர் கடையில் தூங்குவதை விட்டார். சுருட்டை அந்த நாற்காலியின் சாயும் பிடியைத் துணியால் சுற்றிக் கட்டியே விட்டான். வீட்டில் ஒருக்களித்துப் படுத்தார். இரவில் இன்னும் எழுந்தார், ஆனால் அடுத்த அறையில் ஆள் தூங்குகிற நாளில், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி தூங்க முடிந்தது.

அது அவரை முழுக்க விட்டுப் போகவில்லை. நாள் தள்ளித் தள்ளி வந்தது. கால் விரலை அசைத்துத் தப்பித்தார். விவரம் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பயம் குறைந்துவிடவில்லை. கருப்பாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்காரும்போது மூளையின் பூட்டாவது சாவியாவது. ஆனால் விட்ட பிறகு முன்போல நடுக்கம் நீடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மகள் தங்கியிருந்த ஒரு காலையில் வந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. எப்போதோ புரண்டு மல்லாந்திருக்கிறார். கண் திறந்தது, உடம்பு திறக்கவில்லை. கால்மாட்டில் கதவோரம் அந்த உருவம் நின்றது.

சமையலறையில் மகள் நடமாடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. குழாயைத் திறந்தாள். பாத்திரம் ஒன்று இன்னொன்றில் இடித்தது. அடுப்பைப் பற்றவைக்க இரண்டு தடவை முயன்றாள். ஏதோ கீழே விழுந்து, "ச்சே" என்றாள். கூப்பிட்டால் நான்கு எட்டில் வந்துவிடுவாள். கூப்பிட வாய் இல்லை.

கால் விரலை அசைக்கப் போனவர், அசைக்கவில்லை.

இந்தச் சத்தங்களைத்தான் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள். குழாய், பாத்திரம், வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிற சத்தம். பால்காரன் மணி. பக்கத்து வீட்டுச் சண்டை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எல்லாம் தெரிந்திருக்கும். உருவம் கட்டிலை நோக்கி வந்தது. பாரம் ஏறியது. அவர் அதன் கீழேயே இருந்தார். இரண்டு மூன்று நிமிஷம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். மனைவிக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தேநீரோடு மகள் உள்ளே வந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதறவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உலுக்கவில்லை. அவர் கை மேல் கை வைத்துச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

"நான்தான்ப்பா. இங்கதான் இருக்கேன். வேற யாரும் இல்ல ரூம்ல. பால் கொஞ்சம் பொங்கிடுச்சு, துடைச்சிட்டேன். உங்க வீட்டு லைட்டர் வேலைக்கே ஆகாது, வேற வாங்கணும். வெளிய வெயில் வந்துடுச்சு. எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் கழுவறார், பாதி தண்ணி ரோட்டுலதான் ஊத்தறார்..."

எப்போது விட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எதிர்வீட்டுக்காரரைத் திட்டி முடித்து, தன் கடையில் புதிதாக வந்திருக்கிற ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தன் விரல்கள் அவள் விரல்களைப் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சு."

எழுந்து உட்கார்ந்தார். தேநீரைக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

"ரொம்பப் பயமா இருக்குமா அது?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அம்மாவும் பயந்திருப்பாங்கல்ல?" என்றாள். இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி என்பது அவள் குரலில் தெரிந்தது.

சலூன்காரர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பயந்திருப்பா" என்றார். "ஆனா நீ பேசிட்டே இருந்தியேம்மா."

அவள் அழுதாள். அம்மா போன அன்று அழாதவள். அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெளியே எதிர்வீட்டுக்காரர் வண்டி கழுவி முடித்துக் குழாயை மூடினார். இரண்டு பேருக்கும் அன்று வேலைக்குத் தாமதமாகிவிட்டது.